கை மரத்துப்போனாலே கழுத்து எலும்பு தேய்மானம்தானா? எந்த விரல் என்று பார்த்தே சொல்ல முடியுமா?

தையல்கூடம்:
எங்க யூனிட்டில் பவர் மெஷின் ஓட்டுற ரெண்டு பேருக்குக் கை மரத்துப்போகுது. ஒருத்தங்களுக்கு 42 வயசு. நடுராத்திரியில் வலது கை எரிச்சலோட முழிப்பு வந்துடுது, எழுந்து உதறினா கொஞ்ச நேரத்தில் அடங்குது. இன்னொருத்தங்களுக்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும்தான், ஆனா பிடி தளர்ந்து நூல் வெட்டுற டிரிம்மர் கையை விட்டு நழுவுது. ரெண்டு பேருக்கும் கழுத்து எலும்பு தேய்மானம்னு சொல்லி ஒரே சத்து மாத்திரை, ஒரே கழுத்துப் பட்டை. நிஜமாவே ரெண்டும் ஒண்ணுதானா? கடையில் விக்கிற மணிக்கட்டுப் பட்டையை வாங்கிப் போடலாமா?

இயன்முறை:
ஒன்று இல்லை. எக்ஸ்ரேவுக்கு முன்னால் ஒரு பேனா எடுங்க. மரத்த இடத்தின் எல்லையை அவங்க கையிலேயே அவங்களை வரையச் சொல்லுங்க. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், அதோடு மோதிர விரலில் நடு விரலைப் பார்த்த பாதி: இது மீடியன் நரம்பு, பெரும்பாலும் மணிக்கட்டில் சிக்கியிருக்கும் (கார்ப்பல் டனல், அதாவது மணிக்கட்டுச் சுரங்கம்). சுண்டு விரலும் மோதிர விரலின் மறு பாதியும் என்றால் அல்நார் நரம்பு, பெரும்பாலும் முழங்கையில்.

மோதிர விரலைத் தனியாகப் பாருங்க. பஞ்சால் அதன் இரு பக்கமும் மாறி மாறித் தொட்டால், ஒரு பக்கம் தெளிவாகவும் மறு பக்கம் மதமதப்பாகவும் இருக்கும். ஒரே விரல் இப்படி நடுவில் பிளந்து தெரிந்தால் கோளாறு கையில் ஓடும் நரம்பில்தான். கழுத்தில் நரம்பு வேர் அழுந்தினால் விரல் இப்படிப் பிளக்காது. மரப்பு முன்கையிலும் ஏறும், கழுத்தைத் திருப்பினால் வலி கூடும், கையை உதறினால் குறையாது. நாற்பது தாண்டியவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தால் தொந்தரவே இல்லாத பலருக்கும் தேய்மானம் தெரியும். அதனால் படத்தை மட்டும் வைத்துக் கழுத்தைக் குற்றம் சொல்லக் கூடாது.

முதலாமவருக்கு: உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டு மடிப்பை ஒட்டி, கட்டை விரலால் 30 விநாடி அழுத்திப் பிடியுங்க. அதே விரல்களில் மதமதப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. கட்டை விரல் மேட்டுத் தோலில் உணர்ச்சி நன்றாகவே இருக்கும். அந்தக் கிளை நரம்பு சுரங்கத்துக்குள் போகாமல் மேலாக ஓடுகிறது.

இரண்டாமவருக்கு: மணிக்கட்டை நேராக வைத்து முழங்கையை முழுக்க மடக்கி 1 நிமிடம் வையுங்க; அதே விரல்களில் மரப்பு வந்தால் முழங்கை மேல் சந்தேகம் வலுக்கிறது. பிறகு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் ஒரு தாளைக் கொடுத்து இழுங்க. தாளைப் பிடிக்கக் கட்டை விரல் நுனி மூட்டு மடங்கினால் அல்நார் தசை பலவீனமாகிவிட்டது. புறங்கையின் சுண்டு விரல் பக்கத்தையும் தொட்டுப் பாருங்க. அங்கேயும் மரத்திருந்தால் முழங்கைப் பக்கம், அங்கே மட்டும் சரியாக இருந்தால் மணிக்கட்டில் அழுத்தம். புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்குச் சில செ.மீ. மேலேயே பிரிந்துவிடுகிறது.

பட்டைப்பட்டறை:
பட்டை பற்றி மட்டும் சொல்கிறேன், அதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. கடையில் கிடைக்கும் பல பட்டைகளில் உள்ளே ஒரு அலுமினியத் தகடு இருக்கும். அது மணிக்கட்டை 20 முதல் 30 டிகிரி மேல்நோக்கி வளைத்துப் பிடிக்கும். சுரங்கத்தில் அழுத்தம் குறைவது மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான். தகட்டை உருவி, மேஜை மேல் வைத்துத் தட்டி நேராக்கித் திரும்பச் செருகுங்கள். உள்ளங்கைப் பக்கப் பட்டை, விரல்கள் மடங்கும் ரேகைக்குக் கீழேயே நிற்க வேண்டும். ஏறிவிட்டால் விரல் மடங்காது, விறைத்துப்போகும். வெல்க்ரோவுக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். இரவில் மட்டும், விடாமல் 6 வாரம். நாலு நாள் போட்டுவிட்டு "கேக்கலை" என்று கழற்றிவிடுவதால்தான் பலருக்குப் பலன் தெரிவதில்லை.

இரண்டாமவருக்கு இந்தப் பட்டை பயன்படாது. அவருக்கு முழங்கை மடங்காமல் இருக்க வேண்டும். கைத்துண்டை நீளவாக்கில் மடித்து முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டினால், தூக்கத்தில் 45 டிகிரிக்கு மேல் மடங்காது. கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றினால் நரம்பு இன்னும் அழுந்தும். மெஷின் மேஜையின் விளிம்பில் முழங்கையின் உள்பக்கம் பதிகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் விளிம்பில் 2 செ.மீ. ஃபோம் ஒட்டி, நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கைபேசியைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுவதும், கையைத் தலைக்கு அடியில் மடக்கித் தூங்குவதும் அதே கேட்டைச் செய்யும்.

கை_அறுவை:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் சுண்டு விரல் மரப்பு என்றால் நம் ஊரில் ஒன்றை விட்டுவிடக் கூடாது: தொழுநோய். அது விரும்பித் தாக்கும் நரம்புகளில் முழங்கை அருகே ஓடும் அல்நாரும் ஒன்று. முழங்கையின் உள் எலும்பு முனைக்குப் பின்னாலும் சற்று மேலேயும் விரலால் உருட்டிப் பார்த்து, இரு கையையும் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கயிறு மாதிரி தடித்திருந்தாலோ, தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தாலோ, சூடான டம்ளரைப் பிடித்துக் கொப்புளம் வந்ததுகூடத் தெரியாமல் இருந்தாலோ, துண்டு கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். நரம்பு செயலிழந்து 6 மாதத்துக்குள் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரையால் உணர்ச்சியும் பலமும் மீள நல்ல வாய்ப்பு உண்டு. விரல் மடங்கிப்போன கைகளுக்கு வேலூர் சிஎம்சியில் 1940களின் பிற்பகுதியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தசைநாண் மாற்று அறுவையைத் தொடங்கினார். ஆனால் அந்த நிலைக்குப் போகவிடாமல் தடுப்பதுதான் நம் வேலை.

முதலாமவருக்குச் சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். கட்டை விரல் மேடு குழிந்திருந்தாலோ, மரப்பு பகலிலும் விடாமல் இருந்தாலோ பட்டையில் நாளைக் கடத்தக் கூடாது. மணிக்கட்டுச் சுரங்கத்தை மூடியிருக்கும் தசைநார்ப் பட்டையை வெட்டிவிடும் அறுவை, கையை மட்டும் மரக்க வைத்தே செய்யலாம். இரவு எரிச்சல் சீக்கிரமே போய்விடும், தேய்ந்த தசை திரும்பாமலும் போகலாம். நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். முழங்கையிலிருந்து கைத் தசைக்கு 30 செ.மீ. தூரம் என்றால் 300 நாள். டிரிம்மர் நழுவுகிற அந்த இரண்டாமவரை இந்த வாரமே காட்டுங்கள்.

தையல்கூடம்:
ரொம்ப நன்றி, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். இன்னொண்ணு: அயர்ன் மாஸ்டருக்கு முழங்கை வெளிப்பக்கம் வலி, மரப்பு இல்லை. ஊசி போட்டு அடங்கிச்சு, ரெண்டு மாசத்தில் திரும்பிடுச்சு. இன்னொரு ஊசி போடலாமான்னு கேக்கறார்.

இயன்முறை:
வேண்டாம்னு சொல்லுங்க. வெளி எலும்பு முனையில் ஒட்டும் தசைநாண் நைந்துபோனதால் வரும் வலி இது, வீக்கம் இல்லை. ஸ்டீராய்டு ஊசி முதல் 6 வாரம் அருமையாக இருக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போடாமல் விட்டவர்களைவிட நிலைமை மோசமாகவே இருக்கிறது.

முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே. கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மறு கையால் மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் 4 எண்ணும் வரை மெதுவாக இறக்க வேண்டும். 15 முறை, 3 சுற்று, தினமும், 12 வாரம். செய்யும்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலையிலும் கூடுதலாக வலித்தால் தண்ணீரைப் பாதியாக்குங்க. இஸ்திரிப் பெட்டியை ஒவ்வொரு தடவையும் தூக்கி வைக்காமல், மேஜை மட்டத்திலேயே ஒரு தட்டு வைத்து அதன் மேல் இழுத்து நிறுத்தச் சொல்லுங்க. உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்குவதுதான் அந்த நாணை இழுக்கிறது.

வலி எலும்பு முனையில் இல்லாமல் நாலு விரற்கடை கீழே இருந்து, விரல்களை நீட்டும் பலமும் குறைந்தால் அது ரேடியல் நரம்பாக இருக்கலாம். அப்படியானால் இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் காட்டுங்க.