ஃபயர் கம்பெனியின் கடிதத்தைக் குப்பையில் போட்டவன் நான். உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

மேப்பிள்நிழல்

பென்சில்வேனியாவில் வீடு வாங்கிக் குடிபோன முதல் வருடம், இலையுதிர் காலத்தில் ஒரு கடிதம் வந்தது. ஊர் வாலண்டியர் ஃபயர் கம்பெனிக்கு நன்கொடை தரச் சொல்லி. கம்பெனி என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். தீயணைப்பு அரசாங்கத்தின் வேலை, அதற்குத்தானே சொத்துவரி கட்டுகிறேன், நடுவில் இவன் யார் காசு கேட்க என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். மறு வருடமும் வந்தது. அதுவும் குப்பைக்குத்தான் போனது.

மூன்றாம் வருடம் ஜனவரியில் பேஸ்மென்டில் துணி காயவைக்கும் டிரையர் தீப்பிடித்தது. பின்குழாயில் பல மாதத்துப் பஞ்சு அடைந்து கிடந்திருக்கிறது. சுத்தம் செய்யாதது என் தப்பு, வேறு யாரைச் சொல்ல. மனைவியும் பையனும் வெறும் காலுறையோடு பனியில் நிற்க, நான் 911க்குப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு முடிவதற்குள் நீல விளக்கு சுழல ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. பின்கதவைத் திறந்து, அங்கேயே நின்று கியரை மாட்டிக்கொண்டார் ஒருவர். பின்னாலேயே பெரிய வண்டி. ஹோஸை இழுத்துக்கொண்டு மூன்று பேர் உள்ளே போனார்கள். அரைமணி நேரத்தில் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார் முதலாமவர். பார்த்தால், அதே வாரம் செவ்வாய்க்கிழமை என் காருக்கு பிரேக் மாற்றிய மெக்கானிக்! இன்னொருவர் பையனின் ஸ்கூல் பஸ் டிரைவர். மூன்றாவது ஆளை எனக்குத் தெரியவில்லை, அடுத்த தெருவாம்.

உள்ளே போக முடியாத வயதில் ஒரு பெரியவரும் வந்திருந்தார். மனைவியையும் பையனையும் தன் காரில் உட்காரவைத்து ஹீட்டரைப் போட்டுவிட்டு எங்களோடு நின்றார். "நான் எவ்வளவு தரவேண்டும்?" என்று கேட்டேன். சிரித்தார். "ஞாயிற்றுக்கிழமை பான்கேக் போடுகிறோம், வந்து சாப்பிடுங்கள்" என்றார்.

போனோம். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் மேசை போட்டிருந்தார்கள். சுவர் முழுக்கப் படங்கள். கையால் இழுத்துப் போகும் ஹோஸ் வண்டி, குதிரை வண்டி, முதல் மோட்டார் வண்டி, அதன் முன்னால் மீசையோடு விறைப்பாக நிற்கும் ஆட்கள். பெரியவர் ஒரு அலமாரியைத் திறந்து பழைய கூட்டக் குறிப்பேடுகளைக் காட்டினார். தீயைப் பற்றி அதில் நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பக்கம் பக்கமாக இருந்தது அபராதக் கணக்கு. கூட்டத்துக்கு வராதவன், தாமதமாக வந்தவன், கூட்டத்தில் கெட்ட வார்த்தை பேசியவன், எல்லோருக்கும் அபராதம். சொந்தமாகக் குதிரை வாங்குவதா, லாயத்தில் இரவல் வாங்குவதா என்று மாதக்கணக்கில் ஒரு சண்டை. கடைசியில் என்ன முடிவு செய்தார்கள் என்று தேடினேன், அந்தப் பக்கங்களைக் கரையான் தின்றிருக்கிறது.

கம்பெனி என்ற பெயர் ஏன் என்று அப்போதுதான் கேட்டேன். வியாபாரக் கம்பெனி இல்லை, கூட்டாகச் சேர்ந்தவர்கள் என்ற பழைய பொருள் என்றார். பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய நண்பர்களும் 1736 டிசம்பர் 7 அன்று பிலடெல்பியாவில் யூனியன் ஃபயர் கம்பெனி தொடங்கியதிலிருந்து வரும் வழக்கமாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் தோல் வாளிகளும் கனத்த துணிப்பைகளும் வைத்திருக்க வேண்டும். வாளி தண்ணீருக்கு, சரி. பை எதற்கு? எரியும் வீட்டிலிருந்து சாமான்களை அள்ளி வெளியே கொண்டுவர! தீ பிடித்த வீட்டில் திருடுவது அப்போது சாதாரணமாக நடந்திருக்கிறது. அதனால் சிலர் அணைக்க, சிலர் வாசலில் காவல் நிற்க என்று பிரித்துக்கொண்டார்களாம். முப்பது பேர் சேர்ந்ததும் "இதற்கு மேல் வருகிறவர்கள் தனியாக ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள்" என்று பிராங்க்ளின் சொல்ல, ஊரில் கம்பெனிகள் பெருகின. கூட்டத்துக்கு வராதவர்களின் அபராதப் பணத்தில்தான் ஏணியும் கொக்கியும் பம்பு வண்டியும் வாங்கினார்கள். அந்த அபராதக் கணக்கைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவன் நான்!

உங்களில் யாருக்காவது இவர்களோடு பழக்கம் உண்டா? எழுதுங்கள்.

ராத்தூக்கம்

எனக்கு சைரன் அனுபவம் மட்டும்தான். குடிவந்த இரண்டாம் நாள், ராத்திரி 2 மணிக்கு ஊரே அதிரும்படி ஊளைச்சத்தம். சூறாவளிதான் என்று முடிவு செய்து, இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பாத்ரூமில் போய் உட்கார்ந்தோம். தலைக்கு மேலே மெத்தை வேறு. விடிந்ததும் பக்கத்து வீட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஃபயர் ஹவுஸ் கூரையில் இருக்கும் சைரனாம், வாலண்டியர்களை எழுப்புவதற்கு. பேஜர், போன் எல்லாம் வந்த பிறகு இது எதற்கு என்றேன். "பேட்டரி தீர்ந்துபோகாதே" என்றார். இப்போது அது ஊதினால் புரண்டு படுக்கிறேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சும்மாபார்வை

பழைய கம்பெனிகள் ஒன்றும் அவ்வளவு புனிதம் இல்லை. இன்சூரன்ஸ் எடுத்ததற்கு அடையாளமாகச் சுவரில் தகடு அடித்த வீடாக இருந்தால்தான் அணைப்பார்கள், இல்லாவிட்டால் கைகட்டி வேடிக்கை பார்ப்பார்கள் என்று படித்திருக்கிறேன்.

பழஞ்சுவடி

சும்மாபார்வை, அந்தத் தகடு கதை நானும் நம்பிய கதைதான். பிலடெல்பியாவில் நார்த் செகண்ட் ஸ்ட்ரீட்டில் ஃபயர்மன்ஸ் ஹால் என்று ஒரு மியூசியம் இருக்கிறது, 1902இல் கட்டிய தீயணைப்பு நிலையத்தில். உறவினர்கள் வரும்போதெல்லாம் லிபர்ட்டி பெல் பார்த்த கையோடு அங்கேயும் அழைத்துப் போவேன். (அவர்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ.) தகடு உண்மை. 1752இல் தொடங்கிய பிலடெல்பியா கான்ட்ரிபியூஷன்ஷிப் என்ற இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தகட்டில் நான்கு கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும், பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். ஆனால் அமெரிக்க வாலண்டியர் கம்பெனிகள் தகடு இல்லாத வீட்டையும் அணைத்தார்கள். மர வீடுகள் நெருக்கமாக நின்ற ஊரில் ஒரு வீட்டை எரியவிட்டு வேடிக்கை பார்த்தால் அடுத்தது தன் வீடுதானே.

புனிதம் இல்லை என்று நீங்கள் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், வேறு காரணத்துக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிலடெல்பியா, பால்டிமோர், நியூயார்க் கம்பெனிகளெல்லாம் தெருச்சண்டைக்குப் பேர்போனவை. யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்று குழாயடிச் சண்டை, நிஜமாகவே குழாயடியில்! தீ ஒரு பக்கம் எரிய, இவர்கள் இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டார்கள். அதற்கும் முந்தைய காலத்தில் தண்ணீர்க் குழாய் என்பது துளையிட்ட மரத்தண்டு. தீப்பிடித்தால் தெருவைத் தோண்டி, தண்டில் ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுத்துவிட்டு, பிறகு கட்டையால் அடைப்பார்கள். தெருவோரத் தீயணைப்புக் குழாயான ஹைட்ரன்டுக்கு ஃபயர் பிளக் என்ற பெயர் அந்தக் கட்டையிலிருந்து வந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1818இல் பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள் ஆப்பிரிக்கன் ஃபயர் அசோசியேஷன் என்று ஒன்றைத் தொடங்கியபோது, வெள்ளையர் கம்பெனிகள் சேர்ந்து அதை எழவிடாமல் செய்துவிட்டன. தங்கள் தெருவின் தீயைத் தாங்களே அணைக்கிறோம் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் அது. அண்டை வீட்டார் கூடி உதவினார்கள் என்று பெருமை பேசும்போது, யாரை அண்டை வீட்டாராக எண்ணினார்கள் என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

பெரிய நகரங்களில் இவர்கள் காலம் முடிந்ததற்கு நீராவி ஒரு காரணம். கைப்பம்பை இரண்டு பக்கமும் வரிசையாக நின்று மூச்சுவாங்க அடிக்கவேண்டும், சில நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றவேண்டும், அதனால் பெருங்கூட்டம் தேவை. நீராவிப் பம்புக்குச் சில பேர் போதும். சின்சினாட்டி 1853இலேயே சம்பள ஆட்களுக்கு மாறிவிட்டது. நியூயார்க் 1865, பிலடெல்பியா 1871. சின்ன ஊர்களில் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை, அதனால் கம்பெனிகள் தொடர்ந்தன.

ஜெர்சிக்காரி

நான் உள்ளே இருந்தே எழுதுகிறேன். நியூஜெர்சியில் எங்கள் ஊர் கம்பெனியில் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. சேர்ந்த கதை ரொம்பச் சாதாரணம். வேலை வீட்டிலிருந்து, பகலில் ஊரில் ஆள் இல்லை என்று வாசலில் போர்டு வைத்திருந்தார்கள், போய்க் கேட்டேன். அம்மாவிடம் போனில் சொன்னபோது முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவுடி?"

"சம்பளம் கிடையாதும்மா."

"அப்புறம் எதுக்கு நெருப்புக்குள்ள போற?"

இதற்கு இன்றுவரை அம்மா திருப்திப்படும்படி ஒரு பதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பயிற்சி சம்பள ஆட்களுக்குச் சமமாகத்தான் இருக்கும். பல மாதம், வார நாள் இரவுகளும் சனிக்கிழமைகளும். கியரும் முதுகில் காற்று சிலிண்டரும் சேர்த்தால் 20 கிலோவுக்கு மேல். முதல் நாள் ஏணிப்பயிற்சியில் பாதியில் இறங்கிவிட்டேன், அழுதுகொண்டே. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. உடம்பில் ஒரு கருவி மாட்டுவார்கள். அரை நிமிடம் போல அசையாமல் கிடந்தால் அலற ஆரம்பிக்கும், மயங்கி விழுந்தவரைத் தேட. வகுப்பில் குறிப்பெடுக்கும்போதுகூட என்னுடையது அலறியிருக்கிறது.

வரலாறு என்றால் எனக்கு ஒரே ஒரு பாடம்தான் மனதில் நிற்கிறது. கண்ணைக் கட்டிவிட்டு ஹோஸ் இணைப்பைப் பூட்டச் சொன்னார் எங்கள் பயிற்சியாளர். கையால் தடவித் தடவி மரையைப் பிடித்துவிட்டேன். பெருமையாக நிமிர்ந்தால், இன்னொரு ஹோஸைக் கொடுத்தார். எவ்வளவு திருகினாலும் ஏறவில்லை. மரை வேறு. "இதுதான் பால்டிமோர்" என்றார். 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நடுநகரம் எரிந்தபோது வாஷிங்டனிலிருந்து ரயிலில் பம்பு வண்டிகளை ஏற்றி அனுப்பினார்கள். வந்து சேர்ந்தால் அவர்கள் ஹோஸ் இவர்கள் ஹைட்ரன்டில் பொருந்தவில்லை. உதவிக்கு வந்தவர்கள் இணைப்பில் கேன்வாஸைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார்களாம். 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. நாடு முழுக்க ஒரே மரை வேண்டும் என்ற தரவிதி அதற்குப் பிறகுதான் எழுதினார்கள். அந்தப் பொருந்தாத இணைப்பு இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. திருப்பிக் கொடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டார்.

ஹட்சன்கரை

ஜெர்சிக்காரி அக்கா, உங்கள் பதிவை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன், அவளுக்குப் பதினொன்று. போன கோடையில் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் இருக்கும் தீயணைப்பு மியூசியத்துக்குப் போயிருந்தோம். வயதான வாலண்டியர்களுக்கான இல்லம் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. லண்டனில் நியூஷம் என்பவர் செய்து 1731இல் நியூயார்க்குக்குக் கப்பலில் வந்த கைப்பம்பு அங்கே நிற்கிறது. பெரிய மரத்தொட்டி போல இருந்தது, அதை வைத்து எப்படி ஒரு தெருவைக் காப்பாற்றினார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.

மகளுக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. அவளுக்குப் பிடித்தது வெள்ளி ஊதுகுழல்கள். அந்தக் காலத்து ஃபோர்மன் ஊதுகுழல் வழியாகத்தான் கத்திக் கட்டளை கொடுப்பாராம். ஊர்வலத்துக்கென்று வெள்ளியில் செய்து பரிசளிப்பார்கள், அதில் பூங்கொத்து வைத்து எடுத்துப் போவார்கள். "பொண்ணுங்க யாருமே படத்துல இல்லையே" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து தேடி மாலி வில்லியம்ஸ் பற்றிச் சொன்னேன். நியூயார்க் ஓஷியானஸ் என்ஜின் கம்பெனி 11ஐச் சேர்ந்த ஒருவரின் வீட்டில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண். 1810களில் ஒரு பனிப்புயல் நாளில் ஆண்கள் பலர் நோயில் படுத்துக்கிடக்க, பம்பு வண்டியின் கயிற்றைப் பிடித்துப் பனியில் இழுத்துப் போனார் என்று சொல்கிறார்கள். மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவங்களுக்கு வெள்ளி ஊதுகுழல் கொடுத்தாங்களா?" என்றாள்.

மேப்பிள்நிழல்

எல்லோருக்கும் நன்றி. பழஞ்சுவடி, 1818 பற்றி நீங்கள் எழுதியதைப் பெரியவரிடம் கேட்டேன். எங்கள் கம்பெனியின் பழைய படங்களிலும் ஒரே நிறம்தான் என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

நான் சேர்ந்துவிட்டேனா என்று தனிமடலில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். சேர்ந்திருக்கிறேன், ஆனால் நெருப்புக்கு இல்லை. முழங்கால் ஒத்துழைக்காது. கணக்கு பார்ப்பது, பான்கேக் அன்று தட்டு கழுவுவது, கடிதம் அனுப்புவது. பென்சில்வேனியாவில் 1970களில் சுமார் 3,00,000 வாலண்டியர்கள் இருந்தார்கள். 2018இல் மாநில செனட் குழு எடுத்த கணக்கில் அது 38,000 அளவுக்கு வந்துவிட்டது. எங்கள் கம்பெனியிலும் பகல் அழைப்புக்கு வண்டி எடுக்க நான்கு பேர் சேர்ந்தால் அதிர்ஷ்டம். அதனால் கழுவ ஆள் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

போன மாதம் உறைகளில் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருப் பெயர்கள் வந்தன. ரெட்டி, படேல், சுப்ரமணியன். இந்த உறைகள் எங்கே போய் விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினான்கு உறைகளைத் தனியாக எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதினேன்: "இது மோசடி இல்லை. உங்கள் தெருக்காரன்." செயலாளர் பார்த்துவிட்டு, இப்படி எழுதினால்தான் மோசடி என்று நினைப்பார்கள் என்றார்.

இதுவரை இரண்டு பதில் வந்திருக்கிறது. ஒன்றில் 25 டாலர் காசோலை. இன்னொன்றில் காசோலை இல்லை, பான்கேக் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.