'வாட்ச் கோட்' என்பதற்குக் 'காவல் மெய்ப்பை'

அன்புடையீர்,

18ஆம் நூற்றாண்டுப் படைமுகாம்களில் வீரர்கள் குளிருக்கு அணிந்த உடைகளுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில், 'வாட்ச் கோட்' என்பதற்குக் 'குளிர்கால மேலங்கி' என்னும் சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. குளிரைத் தாங்கும் மேலங்கி என்பது சரிதான். ஆனால் அந்த உடையின் தனித்தன்மை அச்சொல்லில் மறைந்துவிடுகிறது.

பிரிட்டிஷ் படையில் அந்நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் தடித்த கம்பளி மேலங்கி ஆளுக்கொன்றாக வழங்கப்படவில்லை. காவற்பணிக்கென்று சில மட்டும் இருந்தன. நின்று முடித்தவன் கழற்றிக் கொடுக்க, அடுத்து நிற்பவன் தன் சீருடையின் மேலேயே அதை மாட்டிக்கொள்வான். உடை காவலுக்கு உரியது, ஆளுக்கு உரியது அன்று. இந்தச் செய்தி சொல்லிலேயே தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1777 டிசம்பர் 19 அன்று, அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனை எதிர்த்து நின்ற வாஷிங்டனின் படை, ஏறத்தாழ 12,000 பேர், பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜில் வந்து தங்கியது. நான்கே நாளில் அவர் அமெரிக்கக் காங்கிரசுக்கு எழுதிய கடிதத்தில், காலணியும் போதிய உடையும் இல்லாமையால் 2,898 பேர் பணிக்கு உதவாத நிலையில் இருப்பதாகத் தெரிவித்தார். அத்தகைய வறுமையை எழுதும்போது, எல்லாரிடமும் ஒரு 'குளிர்கால மேலங்கி' இருந்ததுபோன்ற தோற்றத்தை நம் சொல் உண்டாக்கிவிடக் கூடாது.

என் பரிந்துரை 'காவல் மெய்ப்பை'. முல்லைப்பாட்டு, பாசறையில் அரசனைக் காக்கும் யவனரை 'மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து' என்று காட்டுகிறது. பாசறை, காவல், தைத்த உடை ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. 'புக்க' என்ற வினையும் கருதத்தக்கது: உடல் புகுந்துகொள்ளும் பை என்பது, சீருடைக்கு மேல் அணியத் தளர்வாகத் தைத்த இவ்வுடைக்கு மிகவும் பொருந்துகிறது.

சட்டையைக் குறிக்கும் 'குப்பாயம்' என்னும் பழஞ்சொல்லைப் 'பிளாங்கெட் கோட்' என்பதற்கு ஒதுக்கலாம். கனடாவில் பனிக்காலத்தைக் கழித்த படைகள் அணிந்த, தலைமூடியோடு கூடிய அவ்வகை உடை போர்வைத் துணியிலிருந்தே வெட்டித் தைக்கப்பட்டது. ஆகவே 'போர்வைக் குப்பாயம்'. 'கம்பளிக் குப்பாயம்' வேண்டாம். காவல் மெய்ப்பையும் கம்பளிதானே.

'வின்டர் குவார்ட்டர்ஸ்' என்பதற்குக் 'கூதிர்ப்பாசறை' சொல்லப்பட்டிருக்கிறது. தொல்காப்பியம் தந்த சொல் என்பதால் விட மனம் வரவில்லை. ஆயினும் கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை. மார்கழியில் தொடங்கி அடுத்த ஜூன்வரை நீண்ட வேலி ஃபோர்ஜ் தங்கலுக்கு அது ஒவ்வாது. மேலும், கூதிர்ப்பாசறை போர்வேட்கை தணியாத அரசன் வாடையிலும் வீடு திரும்பாமல் தங்கும் இடம். ஐரோப்பிய வழக்கிலோ பனிக்காலம் என்பது படைகள் பெரும்போர்களை நிறுத்திவைத்து ஒதுங்கும் காலம். 'பனிக்காலத் தங்கல்' என்று எளிமையாகச் சொல்வதே நேர்மையானது.

முழங்கால்வரை பொத்தானிட்டு மூடும் 'கெய்ட்டர்' மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. 'காலுறை' என்றால் சாக்ஸ் ஆகிவிடும். 'கணைக்கால் கவசம்' இரும்பை நினைவூட்டுகிறது. 'கணைக்கால் மூடி' போதுமா என்று, தையல் வழக்கறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.