புதுப்பிப்பு: பசை ஆல்பத்தில் ஒட்டிய மாணவர் மன்றப் படங்கள் பிரிந்தன

வணிகப் பள்ளியின் மாணவர் மன்ற, முன்னாள் மாணவர் சங்க ஆவணங்களில், பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட 1980களின் படங்களை எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது பல் இடுக்கு நூல் யோசனைதான். மெழுகும் வாசனையும் இல்லாத நூல், ஓர் அடி போதும். மூலையில் நுழைத்து, படத்தைத் தூக்காமல், தாளை ஒட்டியே ரம்பம் போல முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். படம் வளைந்தால் மேல்பூச்சு வெடித்துவிடும். ஹேர் டிரையரைத் தொடவில்லை. சூட்டில் பசை இளகிப் படத்தின் முதுகிலேயே தங்கிவிடும். பிரிக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படமெடுத்துவிடுங்கள். வரிசையும், கீழே எழுதிய பெயர்களும் பிறகு கிடைக்காது. படங்கள் இப்போது பாலியெஸ்டர் உறையில் இருக்கின்றன. பிவிசி உறை கூடவே கூடாது.

எதிர்பாராதது: சங்கக் கூட்டக் குறிப்புகளில் பாதி ஃபேக்ஸ் தாள். வெற்று ஓரத்தில் நகத்தால் கீறியதும் கறுப்புக் கோடு விழுந்தால், அது சூடு பட்டால் கறுக்கும் வெப்பத்தாள். எழுத்து மங்கிக்கொண்டே போகும் என்பதால் உடனே ஸ்கேன் செய்து, சாதாரணத் தாளில் நகலும் எடுத்தாயிற்று. லேமினேட் செய்தால் தாள் முழுக்கக் கறுத்துவிடும், ஜாக்கிரதை.

மதிப்பெண் உள்ள உறுப்பினர் பட்டியல்களை 80 ஆண்டு யார் பார்வைக்கும் தராமல் மூடிவைக்கிறோம். ஹார்வர்டில் மாணவர் பதிவுகளுக்கு உள்ள காலமும் அதுவே.