சான்றிதழ் எரிந்துபோன அகதிக்குத் தொழில்தகுதி அங்கீகாரம் கிடைக்குமா?

கேள்வி:
வணக்கம். ஜெர்மனியில் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் சிரிய அகதி ஒருவர், அலெப்போவில் முறையாகப் பயிற்சி பெற்ற எலெக்ட்ரீசியன். வீட்டோடு சான்றிதழும் எரிந்துவிட, கைப்பேசியில் மங்கலான மதிப்பெண் பட்டியலின் படம் ஒன்றே மிஞ்சியிருக்கிறது. அவர் விண்ணப்பிக்க வழி உண்டா?

பதில் 1:
உண்டு. வெளிநாட்டில் பெற்ற தொழில்தகுதிகளை மதிப்பிட ஜெர்மனியில் 2012இல் நடைமுறைக்கு வந்த அங்கீகாரச் சட்டத்தின்படி, ஆவணம் இல்லாமற்போனதற்கு அவர் பொறுப்பல்லர் என்றால், செய்முறைப் பணி, நிபுணருடனான நேர்காணல் போன்றவற்றின் மூலம் அவருடைய திறனை மதிப்பிடலாம். அந்தப் படத்தையும் தவறாமல் இணையுங்கள்.

பதில் 2:
பட்டதாரிகளுக்கு, உயர்கல்வித் தகுதிகளை நாடுகள் அங்கீகரிப்பது பற்றிய 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு ஆவணமற்ற அகதிகளின் தகுதியையும் மதிப்பிட வழிசெய்யச் சொல்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. பத்து விரலிலும் தொழில் இருந்தும் கிடங்கில் பெட்டி தூக்குகிறார், இன்றே சொல்கிறேன்.