புதுப்பிப்பு: மீன் சட்டி, கறுப்பும் கசிவும்

தென்காசி மாவட்டம் செங்கோட்டைப் பக்கம் மண்சட்டியைச் செய்கிறவரிடமே வாங்குவது பற்றி எழுதியதற்கு, கறுப்புச் சட்டி நல்லதா, புதுச் சட்டி ஏன் கசிகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

சூளையில் புகை மூட்டி வந்த கறுப்பு நல்லது. ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். கறை ஒட்டினால் பெயிண்டாக இருக்கலாம், வேண்டவே வேண்டாம். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கணும். மந்தமாகக் கேட்டால் விரிசல், இல்லையென்றால் வேக்காடு போதவில்லை.

புதுச் சட்டி பரவலாக வியர்ப்பது இயல்பு. ஒரே கோட்டில் சொட்டினால் மாற்றிக்கொள்ளுங்கள். வியர்க்கும் சட்டியை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, முக்கால் சட்டி அரிசிக் கஞ்சியைச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, அடுப்பிலேயே ஆறவிடுங்கள். இரண்டு மூன்று நாள் செய்தால் கஞ்சிப் பசை நுண்துளைகளை அடைக்கும். சோப்பு போடாதீர்கள், மண் உறிஞ்சிக்கொள்ளும்.

சாரல் மழைக் காலத்தில், இன்னும் சுடாத பச்சைச் சட்டி சரியாகக் காயாது. கோடையில் சுட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.