செக் ஊர்ப் பெயர்களைப் போனில் சொன்னால் புரியவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். செக் குடியரசின் ப்ர்னொ (Brno) நகரத்துக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. 1-ஆம் எண் டிராம் போய் முடிகிற ர்ஜெச்கொவிட்ஸெ (Řečkovice) பகுதியில் குடியிருக்கிறேன். நேரில் என்றால் கைபேசியில் பெயரைக் காட்டிவிடுவேன். பார்சல்காரர் போனில் முகவரி கேட்கும்போதுதான் திணறுகிறேன். போன வாரம் "ரேச்கோவிசே" என்று நான்கு தடவை சொன்னேன், அவர் வைத்துவிட்டார், பார்சல் திரும்பிப் போய்விட்டது. 'ஆர்' எழுத்தின் தலையில் குட்டிக் கொக்கி போட்ட அந்த முதல் எழுத்து எவ்வளவு பழகியும் வரவில்லை. ப்ர்னொவில் முதல் மூன்று எழுத்தும் மெய்யெழுத்து, அதை எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில் 1:
கொக்கி எழுத்தை இப்போதைக்கு விடுங்கள் நண்பரே. செக் குழந்தைகளுக்கே கடைசியாக வருகிற ஒலி அது, பேச்சுப் பயிற்சிக்குப் போய்க் கற்கிற பிள்ளைகள் நிறைய. உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதிய "ரேச்கோவிசே"யில் மூன்று நெடில் இருக்கிறது, அந்தப் பெயரில் ஒன்றுகூடக் கிடையாது. ர்ஜெச்-கொ-விட்-ஸெ, எல்லாம் குறில், அழுத்தம் முதல் அசையில். செக்கில் எந்தச் சொல்லானாலும் அழுத்தம் முதல் அசைக்குத்தான். உயிரெழுத்தின் மேல் சாய்ந்த கோடு இருந்தால் அது நெடில், அழுத்தக் குறி இல்லை. குறில் நெடில் நமக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம், ஆனால் ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

அப்புறம் 'சி' (c) எழுத்து கொக்கி இல்லாமல் தனியாக வந்தால் எப்போதும் 'ட்ஸ்'. ஒலொமொஉட்ஸ், லிபெரெட்ஸ். 'க்' என்று முடித்தால் யாருக்கும் புரியாது.

ப்ர்னொவில் 'ர்' தானே உயிர் போல நிற்கிறது. 'ப்'புக்கு உதட்டை மூடி, திறந்ததும் நாக்கை உருட்டுங்கள், அதுவே ஒரு அசை. பழகும்வரை 'ர்'க்கு முன்னால் லேசாக ஓர் ஒலி வந்தால் பரவாயில்லை. பின்னால் சேர்த்து "பிரனோ" என்றால் வேறு ஊராகிவிடும்.

பதில் 2:
ஒலொமொஉட்ஸில் ஒன்பது வருடமாக இருக்கிறேன் தம்பி. மேலே சொன்னது சரிதான், ஒன்று விட்டுப்போனது. மரம் என்பது 'மரத்தில்' ஆவது போல இங்கே ஊர்ப் பெயரும் உருமாறும். ப்ர்னொவுக்கு என்றால் "டொ ப்ர்ன", ப்ர்னொவில் என்றால் "வ் ப்ர்ஞெ". அந்த 'ஞ' நம்முடைய ஞகரமேதான். உங்கள் பகுதிக்கு என்றால் "டொ ர்ஜெச்கொவிட்ஸ்", அங்கே வசிக்கிறேன் என்றால் "வ் ர்ஜெச்கொவிட்ஸீஹ்", கடைசியில் மட்டும் நெடில். அறிவிப்பில் ஊர்ப் பெயர் மாறிக் கேட்பது இதனால்தான்.

கொக்கி ஒலிக்கும் வழி இருக்கிறது. பற்களை ஒட்டினாற்போல் வைத்து, 'ர்' உருட்டும்போதே காற்றை 'ஷ்' போல விடுங்கள். 'ப்' அல்லது 'ட்'டுக்குப் பின்னால் வரும்போது சுலபம், அதனால் ப்ர்ஷீப்ரம், ட்ர்ஷெபீச் என்ற ஊர்ப் பெயர்களில் தொடங்குங்கள். ட்ர்ஷெபீச் உங்களுக்குப் பக்கம்தான், 2003-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய யூதர் குடியிருப்பு இருக்கிறது, ஒரு ஞாயிறு போய் வாருங்கள். வெறும் 'ர' சொல்வதைவிட 'ர்ஜ' என்று சேர்த்துச் சொன்னாலே கேட்பவருக்குப் புரிந்துவிடும். வாட்ஸ்லாவ் ஹாவெல் 1989 முதல் 1992 வரை செக்கோஸ்லோவாக்கியாவுக்கும், 1993 முதல் 2003 வரை செக் குடியரசுக்கும் குடியரசுத் தலைவராக இருந்தார், அவருக்கு 'ர்' தொண்டையிலிருந்துதான் வந்தது. நாடே கேட்டது, கூச்சப்படாமல் பேசுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா, நண்பருக்கும் நன்றி. இரண்டு நாள் "வ் ர்ஜெச்கொவிட்ஸீஹ்" மட்டும் சொல்லிப் பழகினேன். இன்று காலை பார்சல்காரர் கூப்பிட்டார், ஒரே தடவையில் புரிந்துகொண்டு தெருப் பெயரைக் கேட்டார். தெருவிலும் ஒரு கொக்கி இருக்கிறது, அதை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பார்சல் வந்துவிட்டது.