ஐசோட்ரெட்டினாயினும் மனச்சோர்வும்: அனுபவமுள்ளோர் உதவ வேண்டுகிறேன்

வணக்கம். கடுமையான முகப்பருவுக்காக என் மகள் இரண்டரை மாதங்களாக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொள்கிறாள். உதடுகள் வெடித்து உரிந்தாலும் முகம் தெளிந்துவிட்டது. ஆனால், பரு மண்டியிருந்தபோதுகூடத் தோழிகளோடு ஓயாமல் பேசியவள், இப்போது கதவைச் சாத்திக்கொண்டு எந்த அழைப்பையும் எடுக்காமல் படுத்தே கிடக்கிறாள். இம்மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பில் மனச்சோர்வு 1998-இலேயே அமெரிக்காவில் சேர்க்கப்பட்டது என்பதையும், முகப்பருவே மனத்தை வாட்டக்கூடும் என்பதால் காரணத்தைப் பிரித்தறிவது எளிதன்று என்பதையும் அறிவேன். நாளை மருத்துவரைச் சந்திக்கிறோம். இதை உட்கொண்டவர்கள், மனநிலை மாற்றம் எந்த வாரத்தில் தொடங்கியது, மருத்துவர் அளவைக் குறைத்தாரா, நிறுத்தியபின் எத்தனை நாளில் தணிந்தது என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். வீட்டு வைத்தியக் குறிப்புகள் வேண்டாம். அவற்றை வேண்டிய மட்டும் கேட்டாயிற்று.